காசைத் தேடாத மெஷின்

அத்தியாயம் ஒன்பது

காணாமல் போனவன் ஊர் திரும்பினால் முதலில் பெற்றவளைப் போய்ப் பார்ப்பான். கல்நெஞ்சுக்காரனாக இருந்தால் பிரியாணிக் கடைக்குப் போவான். இசக்கிபாண்டி இரண்டையும் செய்யவில்லை. சுங்குவார்சத்திரத்தில் ஒரு கடையேறி, ஆழத்தில் புதைந்து கிடக்கிற காசைக் கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

கலைமதிக்கு அதை நினைத்தால் சிரிப்பு வந்தது. போன ஐப்பசி மழையில், ஓட்டிக்கூடப் பழகாத புது பைக்கோடு மறைந்தவன் அவன். ஒரகடம் பக்கம் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்த தெற்கத்திப் பையன். எவளையாவது கூட்டிக்கொண்டு போயிருப்பான், தானாக வருவான் என்று எல்லோரும் கையைக் கழுவிவிட்டார்கள்.

தங்கை சுகப்பிரியா மட்டும் கழுவவில்லை. போன் கம்பெனி ஹாஸ்டலில் இருந்துகொண்டு, லீவு கிடைத்த நாளெல்லாம் அண்ணனைத் தேடினாள். கடைசியில் பஸ் ஸ்டாப் எதிரே லாட்ஜ் மாடியில் இருந்த துப்பறிவாளர் வனமாமலையிடம் வந்து சேர்ந்தாள். வனமாமலைக்கு வழக்கமான பிழைப்பு, மாப்பிள்ளைகள் சொல்லும் ஓவர்டைம் கதைகள் நிஜமா என்று பெண் வீட்டாருக்கு விசாரித்துச் சொல்வது. நிஜமான கேஸ் ஒன்று படியேறி வந்ததும் மனுஷன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு உதவியாளர் கலைமதி. போன் கம்பெனி உற்பத்தி லைனில் நின்று, சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசி, வெளியே வந்தவள். வாய் மட்டும் இன்னும் லைனில் ஓடிக்கொண்டே இருந்தது.

நேற்றுச் சாயங்காலம்தான் அந்த போன் வந்தது. "இசக்கிபாண்டி வீடுங்களா? எடுத்துக்கினு போன மெஷினை இன்னும் திருப்பித் தரல." பேசியவர் மெஷின் கடைக்காரர் ஸ்ரீதர். அடையாளத்துக்குக் கொடுத்த கம்பெனிக் கார்டின் ஜெராக்ஸில், பின்பக்கம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்று சுகப்பிரியாவின் நம்பர் இருந்ததாம்.

"என் அண்ணன் உசிரோட இருக்கான் சார்." காலையிலிருந்து அவள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அழுத முகமில்லை. கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள் மாதிரி தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கலைமதியால் அந்தப் பூவைப் பார்க்க முடியவில்லை.

ஸ்ரீதரின் கடையில் போர்வெல்லுக்குத் தண்ணீர் பார்க்கிற கருவி, நிலம் அளக்கிற கருவி, மண்ணுக்குள் குழாய் தேடுகிற கருவி எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கல்லாவுக்குப் பின்னால் லட்சுமி படம். படத்தில் கொட்டுகிற காசைப் பார்த்துவிட்டு கலைமதி, "இவங்களுக்கு மட்டும் மெஷினே தேவையில்ல" என்றாள். வனமாமலை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"போட்டோவும் ஆளும் ஒத்துப் போச்சா?"

"ஜெராக்ஸ்ல இன்னாத்த பார்க்கறது சார்? எல்லாருமே கருப்பாத்தான் தெரியுறாங்க. அவரு வேற தொப்பி, மாஸ்க்கு. பேச்சு மட்டும் உங்க ஊர்ப் பக்கத்துப் பேச்சு."

சுகப்பிரியாவின் முகம் பளிச்சென்று ஆனது. "அவந்தான் சார்!"

"என்ன கேட்டான்? அப்படியே சொல்லுங்க."

"ஆழத்துல புதைஞ்ச காசு எடுக்கணும், எந்த மெஷின் நல்லதுன்னாரு. தினம் ஒருத்தர் கேக்கறதுதான். நானும் சொன்னேன். சின்னத் தட்டு வெச்ச மெஷின் ஒத்தக் காசைக்கூட பிடிச்சிரும், ஆனா ஒரு ஜாண், மிஞ்சிப் போனா முழம். அதுக்குக் கீழே போகாது. பெரிய சதுர ஃப்ரேம் ஆள் ஆழம் வரைக்கும் பார்க்கும். ஆனா ஒத்தக் காசு அதுக்குக் கண்ணு தெரியாது. பானையோட இருந்தாத்தான் கத்தும்."

"பெரிசைத்தான் எடுத்தானாக்கும்."

"எடுத்தாரு. ஆனா சார்…" ஸ்ரீதர் தலையைச் சொறிந்தார். "புதையல் தேடுறவன் எவனா இருந்தாலும் முதல்ல கேக்கறது, இரும்பை ஒதுக்குமான்னுதான். ஆணி, தகரத்துக்கெல்லாம் கத்துனா மண்ணைத் தோண்டியே முதுகு ஒடிஞ்சிடும்ல? அதுக்குத் தோதா ஒரு மெஷின் காட்டுனேன். இவரு வேணாம்ட்டாரு. இரும்புக்குக் கத்துமா, இரும்புக்குக் கத்துமான்னு அதையே கேட்டுக்கினு இருந்தாரு."

"இரும்புக் காசு போடுற ராஜா யாரு சார்?" என்றாள் கலைமதி.

வனமாமலை சிரிக்கவில்லை. "மெஷினைச் சோதிச்சுப் பாத்தானா?"

"பின்னாடி தோட்டத்துல பித்தளைச் சொம்பு, செம்புக் காசெல்லாம் புதைச்சு வெச்சிருக்கேன், டெஸ்ட்டுக்குன்னு. அது மேல எல்லாம் சும்மா நடந்தாரு. முதல்ல மெஷின் வுடாம கத்துச்சு. குனிஞ்சு பார்த்தா காலுல கம்பெனி ஷூ. முனையில இரும்பு இருக்குமே, அதான். கழட்டிட்டு வெறுங்காலோட நடங்கன்னேன். அப்புறம் செவுத்தோரமா என் பைக்கு நின்னுக்கினு இருந்துச்சு. அதுக்குக் கிட்ட ஃப்ரேமைக் கொண்டு போனாரு. ஓன்னு கத்துச்சு பாருங்க! இதுவே போதும்னு வாங்கிக்கினு போயிட்டாரு."

சுகப்பிரியாவுக்கு எதுவும் உறைக்கவில்லை, கலைமதிக்கு உறைத்துவிட்டது. பைக் அளவுக்கு ஒரு இரும்பை மண்ணுக்கடியில் தேடுகிறவன் பைக்கைத்தான் தேடுகிறான்.

"வேற ஏதும்?"

"மேல லாரி லாரியா மண்ணு கொட்டி ஒசத்தியிருந்தாலும் பார்க்குமான்னு கேட்டாரு."

வனமாமலை எழுந்தார். "அந்தச் சின்ன மெஷினை எங்களுக்கு வாடகைக்குக் குடுங்க."

வாசலில் வந்து கலைமதி அவர் காதருகே கேட்டாள். "பைக்கைத் தேடுறான்னு தெரிஞ்சு போச்சு. காசு தேடுற மெஷின் நமக்கு எதுக்கு சார்?"

"பொய் சொல்லுதவன் வாயில முதல்ல வர்றது மனசுல கெடந்து அரிக்கிற விஷயந்தான், கலை. குழாய் தேடுதேன்னு சொல்லியிருக்கலாம். அது இன்னும் பொருத்தமான பொய். இவன் காசுன்னு சொல்லியிருக்கான். எங்கேயோ ஒரு காசு கெடக்கு."

வனமாமலையின் பழைய காரில் பின் சீட்டில் சுகப்பிரியா ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். தை மாதம் நடக்க வேண்டிய அவள் கல்யாணம் அண்ணனுக்காக நின்றிருக்கிறது. மாப்பிள்ளை அத்தை மகன் உச்சிமாகாளி. அண்ணனும் அவனும் ஒரே கம்பெனி, ஒரே அறை. இந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கும் இரண்டு தரம் கூட வந்து, வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போனவன்தான். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட மச்சான் வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்று இவள் சொல்லிவிட்டாள்.

"அத்தான்கிட்ட இன்னும் சொல்லல சார். நேத்துலேர்ந்து போன் எடுக்கல. செகண்ட் ஷிப்ட்டு, தூங்குதாவளா இருக்கும். அண்ணனைக் கையோட கூட்டிட்டுப் போய் முன்னால நிறுத்தப் போறேன்."

"அந்தக் கார்டு ஜெராக்ஸ் யாருகிட்டம்மா இருந்திச்சு?"

"ரூம்லதான் சார் கெடந்திருக்கும். ஹவுஸ் ஓனருக்குக் குடுக்க எடுத்தது."

கண்ணாடியில் வனமாமலை அவளைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். "கலை, மண்ணு கொட்டி ஒசத்துன இடமா எங்க போயித் தேட? இந்தப் பக்கம் பூரா அப்படித்தான் கெடக்கு."

"எல்லா இடத்துலயும் மண்ணுதான் கீது. பேய் ஒரு எடத்துலதான் கீது." கலைமதி வழக்கம்போல வாயை விட்டாள். "வல்லம் வடகால்ல புதுசா மேடு பண்ண இடத்துல முனி நடக்குதாம். டீக்கடை ஃபுல்லா அதான் பேச்சு. அதுவும் மட்ட மத்தியானத்துல. பேய்க்கும் செகண்ட் ஷிப்ட் போல."

கார் சட்டென்று வேகமெடுத்தது. சொன்ன பிறகுதான் அவளுக்கே தான் சொன்னது கேட்டது.

கம்பெனிகளுக்கு நடுவே வேலி போட்ட பெரிய பொட்டல். செம்மண் கொட்டி, ரோலர் ஓட்டி, ஒரு புல் இல்லாமல் கிடந்தது. வெயில் தரையிலிருந்தும் அடித்தது. சுற்றிலும் அத்தனை மெஷின்கள் ஓடுகிற ஊரில் அந்த இடத்தில் மட்டும் ஒரு சத்தமில்லை. காக்கைகூட வேலியில்தான் உட்கார்ந்திருந்தது. தகரக் கொட்டகையில் இருந்த காவலாளி பாண்டுரங்கன், பக்கத்து ஊர்க்காரர். இதே நிலத்தில் பயிர் வைத்தவர், இப்போது நீலச் சட்டை.

"இன்னாத்துக்குமா வந்தீங்க இந்த நேரத்துல? உச்சி வேள ஆவப் போவுது. நானே உள்ள போயி செவுத்தைப் பார்த்துக் குந்திக்குவேன். முனி நடக்கச் சொல்ல பார்க்கக் கூடாது."

"சம்பளம் வாங்கிக்கினு பேய்க்கு லீவு வுடுற செக்யூரிட்டிய இப்பதான் பார்க்குறேன்" என்றாள் கலைமதி.

"சிரிக்காதம்மா. ஒரு தபா கண்ணு பட்டுடுச்சு. மூணு நாளு ஜுரம் எனக்கு." அவர் குரல் இறங்கியது. "கையில வெறும் பாடைய தூக்கிக்கினு நடக்குது. சதுரமா, பொணம் இல்லாத பாடை. குனிஞ்ச தலை நிமிரல. ஏர் ஓட்டுற மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்குது. ங்ஙுனு ஒரு முனகல். மார்ல ரெண்டு கருப்பு மண்டை தொங்குது."

சுகப்பிரியா தாலி இல்லாத கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். கலைமதிக்குச் சதுரப் பாடை எதுவென்று புரிந்தது. மண்டைகள்?

அப்புறம் அதுவும் புரிந்தது. "ஷூ சார்!" என்றாள். "லேஸை முடிச்சுப் போட்டுக் கழுத்துல மாட்டிக்கினு நடக்குறான். இரும்பு முனை பட்டா மெஷின் கத்தும்ல? கழட்டி எங்கியும் வெக்கவும் மாட்டான். சேஃப்டி ஷூ காணாமப் போனா கம்பெனி கேட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க. லைன்ல நின்ன எங்களுக்குத்தான் அது தெரியும்."

"இங்க முன்ன என்ன இருந்திச்சு?" வனமாமலை பாண்டுரங்கனைக் கேட்டார்.

"குழாய் பதிக்கிற பள்ளம் ஒண்ணு தொறந்து கெடந்துச்சு. பக்கத்துல ஒத்தப் பனை. அதைப் பேத்துட்டாங்க, மண்ணையும் கொட்டிட்டாங்க. இப்ப எது எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. வர திங்கக்கெழம கட்டடத்துக்குக் கடக்கால் தோண்டுறாங்க. அதுக்குள்ள இந்த முனி போயிடணும்னு வேண்டிக்கினு கீறேன்."

பனையை அடையாளம் வைத்துப் புதைத்தவன், பனையே இல்லாமல் போகும் என்று நினைக்கவில்லை. இந்தப் பக்கத்து மண்ணை நம்பி அடையாளம் வைக்கிற ஆள் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று கலைமதி நினைத்தாள்.

கொட்டகைக்குள் நின்று தகர இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாண்டுரங்கன் சொன்னபடியே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நிழல்கள் காலடிக்குள் ஒடுங்கிய நேரத்தில், பின்பக்க வேலியில் ஒரு உருவம் நுழைந்தது.

தெரிந்துகொண்டு பார்த்தும் கலைமதிக்கு அது மனிதனாகத் தெரியவில்லை. கானல் ஆடிய தரைமேல் அது மிதந்து வந்தது. கையில் சதுரச் சட்டம். மார்பில் இரண்டு கருப்பு உருண்டைகள். தலை குனிந்தே இருந்தது. வெந்த மண்ணில் வெறுங்கால், ஆனால் சூடு தெரிந்த நடையாக இல்லை. முனகல் நெருங்கியது, விலகியது, மறுபடி நெருங்கியது.

"அண்ணே…" சுகப்பிரியா கதவுக்குப் பாய்ந்தாள். வனமாமலை அவள் தோளைப் பிடிக்கத் தேவை இருக்கவில்லை. அவளே இரண்டடியில் நின்றுவிட்டாள்.

அந்த நேரம் மெஷின் கத்தியது. ஸ்ரீதர் சொன்ன அதே ஓலம். உருவம் சட்டத்தைக் கீழே போட்டுவிட்டு மண்டி போட்டது. மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தது. தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு, "மச்சான், மச்சான்" என்று அழுதது.

"அது என் அண்ணன் இல்ல சார்" என்றாள் சுகப்பிரியா. தலையில் இருந்த பூவை அவள் கை தானாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது. "அது எங்க அத்தான்."

உச்சிமாகாளி ஓடவில்லை. அவர்கள் வருவதைப் பார்த்ததும் அவனுக்கு நிம்மதிகூட வந்த மாதிரி இருந்தது. கேட்பதற்கு முன்பே கொட்டினான். புது பைக்கை ஓட்டிப் பார்க்கிற ஆசை. ஓட்டிய இவனுக்கு லைசென்ஸ் இல்லை, பின்னால் இசக்கிபாண்டி. மழை. பள்ளத்தின் விளிம்பில் வண்டி சறுக்கி இருவரும் விழுந்தார்கள். இவன் எழுந்தான், அவன் எழவில்லை.

"கூப்பிட்டுப் பாத்தேன் சுகா. உலுக்கிப் பாத்தேன். முழிக்கவேயில்ல. உன் அண்ணனை நானே கொன்னுட்டேன்னு தெரிஞ்சா நீ என் மொகத்துல முழிப்பியா? கெடந்த தார்ப்பாயைப் போட்டு மூடி, அது மேல வண்டியைச் சாய்ச்சு, மண்ணை இழுத்துத் தள்ளிட்டேன். மறுவாரம் லாரி வந்து மேல கொட்டிட்டான். அன்னையிலேர்ந்து நான் தூங்கல. ரூம்ல அவன் பாய் சுருட்டினபடியே கெடக்கு, அது தெனம் என்னைப் பாக்குது. கடக்கால் தோண்டுறவன் கையில அவன் அம்புடக் கூடாது. நான் எடுத்து ஒழுங்கா அடக்கம் பண்ணணும்னுதான் தேடுனேன்."

சுகப்பிரியா அவன் கன்னத்தில் அறைவாள் என்று கலைமதி எதிர்பார்த்தாள். சுகப்பிரியா அறையவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"போவும்போது அவன் நெத்தியில காசு வச்சீயளா அத்தான்?"

"வச்சேன். என் கையால ஒத்த ரூவா வச்சேன். சொந்தக்காரன்னு அங்க நான் ஒருத்தன்தானே இருந்தேன்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அனாதையாகப் போகவில்லை என்ற அந்த ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வனமாமலை கலைமதியைப் பார்த்தார். காசு எங்கே கிடக்கிறது என்று தெரிந்துவிட்டது.

போலீசும் தாசில்தாரும் டாக்டரும் வந்தார்கள். ஜேசிபி மேல்மண்ணை வழித்தது, மீதியை மண்வெட்டியால் எடுத்தார்கள். வெயில் சாய்வதற்குள் ஹேண்டில் பார் தெரிந்தது. வண்டி பள்ளத்தின் சுவரில் சாய்ந்தபடியே நின்றிருந்தது. அதைத் தூக்கியதும் தார்ப்பாய் வந்தது. வண்டி தாங்கிக்கொண்டதில் தார்ப்பாய்க்குக் கீழே மண் இறங்கவில்லை. ஒரு ஆள் படுக்கிற அளவு வெற்றிடம் அப்படியே இருந்தது. சுகப்பிரியாவைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. கலைமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் சம்மதிக்க, வனமாமலை சின்ன மெஷினோடு பள்ளத்தில் இறங்கினார். தலை இருந்த பக்கம் தட்டைக் கொண்டு போனார். சத்தமில்லை. தலையைச் சுற்றி, கழுத்துப் பக்கம், தோள் பக்கம் தேடினார். சத்தமில்லை.

"அங்கதான் சார்!" மேலே போலீஸ்காரர்களுக்கு நடுவிலிருந்து உச்சிமாகாளி கத்தினான். "சத்தியமா நெத்தியிலதான் வச்சேன்!"

வனமாமலை நிமிர்ந்து, மறுபக்கம் திரும்பினார். திரும்பும்போது தட்டு உடலின் இடுப்புக்கு மேலாகப் போனது. மெல்லிசாக, ஒரே ஒரு தரம், மெஷின் கூவியது.

வலது கை. விரல்கள் இறுக மடங்கியிருந்தன. டாக்டர் உறை போட்ட கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே ஒரு ரூபாய்.

வனமாமலை மெஷினை அணைத்தார். கலைமதிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். சுகப்பிரியா அதை உதறிவிட்டு, பள்ளத்தின் விளிம்பு வரைக்கும் போய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு உச்சிமாகாளி பக்கம் திரும்பினாள். குரல் உயரவேயில்லை.

"நெத்தியில வச்ச காசு கைக்கு எப்படி அத்தான் வந்திச்சு?"

அவன் நின்ற இடத்திலேயே சரிந்தான்.

அவள் வனமாமலையைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டே இருந்தேன்லா சார், என் அண்ணன் உசிரோட இருக்கான்னு," என்றாள். "இருந்திருக்கான்."